மணலைக் காட்டியவர் ஊரையும் காட்டினார்

பத்துப்பாட்டிலேயே நீளமானது மதுரைக்காஞ்சி. 782 அடி. தலையாலங்கானத்துப் போரில் வென்ற பாண்டியன் நெடுஞ்செழியனுக்காக மாங்குடி மருதனார் பாடியது. காஞ்சி என்றால் இங்கே நிலையாமை. அதாவது, வெற்றியின் உச்சியில் நிற்கும் ஓர் அரசனிடம் போய், நீயும் ஒருநாள் இருக்கமாட்டாய் என்று சொல்வதற்கென்றே எழுந்த பாட்டு. புலவர் அதைத் தயங்காமல் சொல்லியும் விடுகிறார். உனக்கு முன்னால் இந்த மண்ணை ஆண்டு மாண்டவர்களை எண்ணினால், அலை கொண்டுவந்து குவிக்கும் மணலின் எண்ணிக்கையும் தோற்றுப்போகும் என்கிறார். பாட்டில் மூன்றில் ஒரு பங்கு முடிவதற்குள்ளேயே இந்தச் செய்தி வந்துவிடுகிறது. மீதி ஐந்நூற்றுச் சொச்சம் அடிகளில் அவர் என்ன செய்கிறார் என்பதுதான் என்னை இதை எழுத வைத்தது. பாண்டிநாட்டின் ஐந்து நிலங்களையும் சுற்றிக் காட்டிவிட்டு மதுரைக்குள் நுழைகிறார். பகல் அங்காடி, இரவு அங்காடி, பூ விற்பவர்கள், சங்கை அறுத்து வளையல் செய்பவர்கள், மணிக்குத் துளை போடுபவர்கள், பௌத்தப் பள்ளி, சமணப் பள்ளி, நியாயம் சொல்லும் அவை, நள்ளிரவில் திருடனைத் தேடி நடக்கும் ஊர்க்காவலர்கள், விடிந்ததும் முற்றம் பெருக்கும் பெண்கள் என்று ஒரு நகரத்தின் முழுப் பகலும் முழு இரவும் கண்முன் ஓடுகின்றன. கடைசியில் அரசனைக் காட்டுக்குப் போகச் சொல்லவில்லை. உன் முன்னோரைப் போலச் சான்றோரிடம் கற்றுக்கொள், உனக்கென்று அளந்து கொடுத்த காலத்தை இனிமையாக வாழ்ந்து முடி என்று சொல்லிப் பாட்டை நிறுத்துகிறார்.

நிலையாமை என்றதும் நமக்குத் துறவுதான் நினைவுக்கு வருகிறது. அதற்குக் காரணம் இருக்கிறது. நாலடியார், செல்வமும் இளமையும் உடம்பும் நிலைக்காது என்று சொல்லித்தான் தொடங்குகிறது. திருக்குறளில் நிலையாமை 34-ஆவது அதிகாரம்; அடுத்த அதிகாரமே துறவு. மதுரைக்காஞ்சிக்கு உரை எழுதிய நச்சினார்க்கினியரும் அதை வீடுபேற்றோடு சேர்த்தே படித்தார். அது பெரிய வழி. அதைக் குறை சொல்ல வரவில்லை. ஆனால் அது ஒன்றே வழி என்று எடுத்துக்கொண்டதில் நமக்கு ஓர் இழப்பு நேர்ந்திருக்கிறது. சாவை ஒப்புக்கொள்கிறவர் வாழ்க்கையிலிருந்து ஒதுங்கிக்கொள்ள வேண்டும், வாழ ஆசைப்படுகிறவர் சாவை மறந்துவிட வேண்டும் என்று இரண்டையும் தனித்தனியே பிரித்து வைத்துவிட்டோம். தொல்காப்பியம் காஞ்சிக்கு இலக்கணம் சொல்லும்போது, நிலைக்காத உலகத்தைப் பொருந்திய நெறி என்ற பொருளில் சொல்கிறது. அங்கே வரும் வினைச்சொல்லுக்குத் தழுவுதல் என்ற பொருளும் உண்டு. நிலைக்காததைத் தழுவிக்கொள்வது! இலக்கண நூலில் இப்படி ஒரு சொல் விழுந்திருப்பதை நாம் போதுமான அளவு கவனிக்கவில்லை என்றே நினைக்கிறேன். நான் சொல்ல வருவது இதுதான்: முடிவு உண்டு என்பதை உள்ளபடியே ஒப்புக்கொண்டால், எதைப் பிடித்துக்கொள்வது, எதைக் கைவிடுவது என்று தரம் பிரிக்கும் கண் கிடைக்கிறது. வாழ்க்கைக்கு அர்த்தமும், பெரும்பாலும் மகிழ்ச்சியும், அந்தத் தரம்பிரிப்பிலிருந்துதான் வருகின்றன.

நம் பேச்சைக் கொஞ்சம் கவனியுங்கள். யாரும் செத்துப்போனார் என்று சொல்வதில்லை. தவறிவிட்டார், காலமானார், இறைவனடி சேர்ந்தார், போய்ச் சேர்ந்துவிட்டார். இவை மரியாதைச் சொற்கள், அதில் தப்பில்லை. ஆனால் உயிரோடிருக்கும்போது ஒருவர், 'எனக்குப் பிறகு இந்த வீட்டை என்ன செய்யப்போகிறீர்கள்?' என்று பேச்செடுத்தால், 'அபசகுனமாப் பேசாதீங்க' என்று உடனே வாயை அடைத்துவிடுகிறோம். புற்றுநோய் என்று ஸ்கேனில் தெரிந்தால், டாக்டர் மகனையோ மருமகனையோ தனியாகக் கூப்பிட்டுச் சொல்கிறார். நோயாளியிடம் 'வயிற்றில் சின்னக் கட்டி, மருந்தில் கரைந்துவிடும்' என்று ஒரு கதை சொல்லப்படுகிறது. எல்லாமே அன்பினால் செய்வதுதான். ஆனால் விளைவைப் பாருங்கள். தனக்கு மிச்சமிருக்கும் காலம் எவ்வளவு என்று தெரியாத ஒருவர், அந்தக் காலத்தை எப்படிச் செலவழிப்பது என்று தீர்மானிக்க முடியாது. பத்து வருடமாகப் பேசாத தம்பியைக் கூப்பிட்டுப் பேசலாமா, குலதெய்வக் கோயிலுக்கு ஒருமுறை போய்வரலாமா, பேத்தியைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளலாமா என்று யோசிக்கும் வாய்ப்பையே அவரிடமிருந்து எடுத்துவிடுகிறோம். அவருக்குத் தெரியாது என்று நாம் நம்புவதும் பெரும்பாலும் பொய்தான். உடம்பு சொல்லாமலா இருக்கும்? தெரிந்தும் தெரியாததுபோல அவர் நடிக்க, நாமும் நடிக்க, வாழ்க்கையின் மிக முக்கியமான சில மாதங்கள் நாடகமாகவே முடிந்துபோகின்றன.

காலம் குறைவு என்று தெரிந்தால் மனிதர்கள் உண்மையில் என்ன செய்கிறார்கள் என்பதைப் பல வருடம் ஆராய்ந்தவர் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் உளவியலாளர் லாரா கார்ஸ்டென்சன். அவர் கேட்ட கேள்வி எளிமையானது. உங்களுக்கு அரை மணி நேரம் ஓய்வு கிடைக்கிறது. நெருங்கிய உறவினர் ஒருவர், நீங்கள் படித்த புத்தகத்தை எழுதியவர், பழகினால் ஒத்துப்போகும் என்று தோன்றுகிற புதிய அறிமுகம், இந்த மூவரில் யாரோடு உட்கார்ந்து பேசுவீர்கள்? வயதானவர்கள் பெரும்பாலும் நெருங்கிய உறவைத் தேர்ந்தெடுத்தார்கள். இளையவர்களிடம் அந்தச் சாய்வு இல்லை. வயதானால் அப்படித்தான் என்று இதைத் தள்ளிவிடலாம். ஆனால் 1997-இல் ஹாங்காங் சீனாவின் கைக்குப் போவதற்கு முன்னும் பின்னும் இதே கேள்வியை அங்கே கேட்டுப் பார்த்தார்கள். கைமாறுவதற்கு ஒரு வருடம் முன்பு இளையவர்களும் முதியவர்களும் எதிர்பார்த்தபடியே வேறுபட்டார்கள். இரண்டு மாதம் இருக்கும்போது, இளையவர்களும் கிழவர்களைப் போலவே நெருங்கிய உறவுகளைத் தேர்ந்தெடுத்தார்கள். ஒரு ஊர் தனக்குத் தெரிந்த வடிவில் முடியப்போகிறது என்ற உணர்வே போதுமானதாக இருந்தது. அந்தத் தேதி கடந்து ஒரு வருடம் ஆனபின், பழைய வேறுபாடு திரும்பிவிட்டது. இன்னொரு சோதனையில், ஒரு புது மருத்துவத்தால் இன்னும் இருபது வருடம் வாழப்போகிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள் என்று முதியவர்களிடம் சொன்னபோது, உறவின் பக்கம் இருந்த அந்தச் சாய்வு மறைந்துபோனது. தேர்வை மாற்றியது நரைத்த தலை அல்ல, மிச்சக்காலம் பற்றிய அறிவு. அந்த அறிவு வந்தவர்கள் மூலையில் முடங்கவில்லை. தங்களுக்கு மிக வேண்டியவர்கள் பக்கம் திரும்பினார்கள். மாங்குடி மருதனார் மணலைக் காட்டிவிட்டு ஊரைக் காட்டியதும் இதே திரும்பலைத்தான் கேட்கிறது.

மருத்துவமனையிலிருந்தும் சான்று உண்டு. ஜெனிஃபர் டெமல் தலைமையில் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனையில் நடந்த ஓர் ஆய்வு 2010-இல் வெளியானது. நுரையீரல் புற்றுநோய் முற்றிய 151 பேரை இரண்டு குழுவாகப் பிரித்தார்கள். ஒரு குழுவுக்கு வழக்கமான புற்றுநோய்ச் சிகிச்சை. மற்றக் குழுவுக்கு அதோடு சேர்த்து, தொடக்கத்திலிருந்தே வலிநிவாரணப் பராமரிப்பு. அதாவது வலியைக் கவனிப்பது, நோயின் நிலையை ஒளிக்காமல் பேசுவது, உங்களுக்கு எது முக்கியம் என்று நோயாளியிடமே கேட்பது. இரண்டாம் குழுவில் மனச்சோர்வு அறிகுறிகள் 16 சதவீதம் பேருக்கு. முதல் குழுவில் 38 சதவீதம். கடைசி நாட்களில் உடம்பை வருத்தும் தீவிரச் சிகிச்சை இரண்டாம் குழுவில் குறைவு. இருந்தும் அவர்கள் வாழ்ந்த இடைநிலைக் காலம் 11.6 மாதம், மற்றவர்களுடையது 8.9. ஆயுள் கூடியதை அடுத்து வந்த ஆய்வுகள் எல்லாமே உறுதிசெய்யவில்லை. அதை மிகைப்படுத்திச் சொன்னால் நான் ஏமாற்றுகிறேன் என்று ஆகும். ஆனால் வாழ்கிற காலத்தின் தரம் கூடுகிறது என்பது திரும்பத் திரும்பத் தெரிந்திருக்கிறது. உண்மையைப் பேசினால் நோயாளி இடிந்துபோய்ச் சீக்கிரம் போய்விடுவார் என்ற நம் பயத்துக்கு இந்தத் தரவுகளில் ஆதாரம் இல்லை. லண்டனில் 1967-இல் இறுதிக்கால நோயாளிகளுக்கென்று செயின்ட் கிறிஸ்டோபர் இல்லத்தைத் திறந்த சிசிலி சாண்டர்ஸ், வலி என்பது உடம்பில் மட்டும் இல்லை, மனத்திலும் உறவிலும் நம்பிக்கையிலும் இருக்கிறது, எல்லாவற்றையும் சேர்த்துத்தான் கவனிக்க வேண்டும் என்று சொன்னார். நமக்குப் பக்கத்தில் கோழிக்கோட்டில் 1993-இல் டாக்டர் ராஜகோபாலும் டாக்டர் சுரேஷ்குமாரும் அதே வேலையைத் தொடங்கினார்கள். அக்கம்பக்கத்தார் தொண்டர்களாகச் சேர்ந்து, நோயாளியின் வீட்டுக்கே போய்ப் பார்த்துக்கொள்ளும் முறை அங்கிருந்து பரவியது. 2008-இல் கேரள அரசு அதை மாநிலக் கொள்கையாகவே ஆக்கியது. சாவைப் பேச அஞ்சாத இடத்தில் ஒரு சமூகம் உருவானது என்பது எனக்கு இதில் மிகப் பெரிய செய்தியாகப் படுகிறது.

இதற்கு வலுவான ஒரு மறுப்பை உளவியலுக்குள்ளிருந்தே எடுக்கலாம். எர்னஸ்ட் பெக்கர் 1973-இல் எழுதிய 'சாவை மறுத்தல்' என்ற நூல், மனிதப் பண்பாடு முழுவதுமே சாவுபயத்தை மூடி மறைக்கக் கட்டிய கோட்டை என்று வாதிட்டது. அவர் வழியில் வந்தவர்கள் செய்த சோதனை ஒன்றில், அமெரிக்காவின் டூசான் நகரத்து நீதிபதிகளில் பாதிப்பேருக்குச் சாவை நினைவூட்டினார்கள். பிறகு பாலியல் தொழில் வழக்கு ஒன்றில் பிணைத்தொகை எவ்வளவு என்று கேட்டபோது, நினைவூட்டப்படாதவர்கள் சராசரி 50 டாலர் என்றார்கள். நினைவூட்டப்பட்டவர்கள் 455 டாலர் என்றார்கள். சாவை நினைத்தால் மனம் விரிவதில்லை, தன் கூட்டத்தின் ஒழுக்கத்துக்குள் சுருங்கி அடுத்தவரைக் கடிக்கிறது என்பது இதன் வாதம். இந்தக் கோட்பாட்டின் வேறொரு பெயர்பெற்ற சோதனையைப் பல ஆய்வகங்கள் சேர்ந்து மறுபடி செய்தபோது விளைவு கிடைக்கவில்லை என்பதையும் சொல்லவேண்டும். ஆனால் அதை வைத்துக்கொண்டு நான் தப்பிக்க விரும்பவில்லை. அந்த முடிவுகள் சரியென்றே வைத்துக்கொள்வோம். காகிதத்தில் ஒரு கேள்வி வழியாகச் சாவை ஒரு நிமிடம் கண்ணில் காட்டி மறைத்தால் மனிதன் திடுக்கிடுவான். திடுக்கிட்டவன் கையில் கிடைத்த கம்பைப் பிடிப்பான். ஒப்புக்கொள்ளுதல் என்பது வேறு. அது பல மாதம், பல வருடம் அதோடு புழங்கிப் பெறுவது. நிலையாமையைப் பேசாத வீட்டில் வளர்ந்தவருக்குச் சாவு எப்போதும் திடுக்கிடலாகத்தான் வரும். ஆகவே அந்தச் சோதனை என் வாதத்தை உடைக்கவில்லை. ஒளித்துவைப்பதன் விலையைத்தான் எனக்குக் காட்டுகிறது.

அடுத்தது, எல்லாமே அழியப்போகிறதென்றால் எதையும் செய்து என்ன பயன் என்ற கேள்வி. டால்ஸ்டாய் ஐம்பதை ஒட்டிய வயதில், புகழும் குடும்பமும் நிலமும் நிறைந்திருந்தபோது, இந்தக் கேள்வியில் மாட்டிக்கொண்டு தற்கொலை விளிம்புவரை போனார். அதைச் சோம்பேறியின் கேள்வி என்று ஒதுக்க முடியாது. ஆனால் அதற்குள் ஒரு கணக்குப் பிழை இருக்கிறது. தாமஸ் நேகல் என்ற தத்துவவாதி 1971-இல் அதைச் சுட்டிக்காட்டினார்: இன்று செய்வது பத்து லட்சம் வருடம் கழித்துப் பொருட்டில்லை என்றால், பத்து லட்சம் வருடம் கழித்து எது பொருட்டு என்பதும் இன்று பொருட்டில்லை. நீளம் அர்த்தத்தைத் தருவதாக இருந்தால், முடிவே இல்லாமல் நீளும் சலிப்பான வாழ்க்கைக்கு அளவற்ற அர்த்தம் இருக்கவேண்டும். அப்படி யாரும் நினைப்பதில்லை. கோலத்தை எடுத்துக்கொள்ளுங்கள். மாலைக்குள் மிதிபட்டுக் கலைந்துவிடும் என்று தெரிந்துதான் காலையில் புள்ளி வைக்கிறார்கள். கலையும் என்பதால் யாரும் புள்ளியைத் தவறாக வைப்பதில்லை. மதுரைக்காஞ்சியில் சங்கு அறுத்தவர் பெயர் யாருக்கும் தெரியாது. அவர் செய்த வளையலும் இல்லை. அன்று அதை அணிந்துகொண்ட கைக்கு அது முழுமையாகவே இருந்தது.

சரி, நீண்ட வாழ்க்கை நல்லதில்லையா, சாவே இல்லாவிட்டால் இன்னும் நல்லதில்லையா என்று கேட்பீர்கள். செக் எழுத்தாளர் கரேல் சாபெக் 1922-இல் ஒரு நாடகம் எழுதினார். அதன் நாயகி எலினா மக்ரோபுலோஸ் ஒரு மருந்தால் முந்நூறு வருடங்களுக்கும் மேலாக வாழ்கிறாள். எல்லாவற்றையும் பார்த்து, எல்லாரையும் இழந்து, எதிலும் ஒட்டாமல் உறைந்துபோகிறாள். கடைசியில் மருந்தை மறுக்கிறாள். பிரிட்டிஷ் தத்துவவாதி பெர்னார்ட் வில்லியம்ஸ் இதை வைத்து, முடிவற்ற வாழ்வு தாங்கமுடியாத சலிப்பாகும் என்று வாதிட்டார். எனக்கு அந்தச் சலிப்பு வாதத்தில் முழு நம்பிக்கை இல்லை. சிலருக்கு ஆயிரம் வருடமும் சலிக்காமல் போகலாம். எனக்கு முக்கியமாகப் படுவது வேறு. எத்தனை காலம் வேண்டுமானாலும் கிடைக்கும் என்றால், இன்று அம்மாவைப் பார்க்கப் போவதற்கும் நானூறு வருடம் கழித்துப் போவதற்கும் வித்தியாசம் இல்லை. ஒருவரோடு இருப்பதற்காக இன்னொன்றை விட்டுக்கொடுப்பதற்கு மதிப்பு வருவதே, விட்டது திரும்பக் கிடைக்காது என்பதால்தான். இந்த வாதம் காலத்துக்கு எல்லை வேண்டும் என்பதைத்தான் காட்டுகிறது. அந்த எல்லை எண்பதில் விழவேண்டும் என்று காட்டவில்லை. நூற்றைம்பது வருடம் நலமாக வாழ மருத்துவம் வழி கண்டால் அதை வரவேற்க வேண்டும். அப்போதும் தரம் பிரிக்கும் வேலை நம்மிடமே இருக்கும்.

எல்லா மறுப்பிலும் நியாயம் மிகுந்தது கடைசியாக வருவது. இது வயிறு நிறைந்தவர்களின் தத்துவம், ஏழைக்கு ஏற்றுக்கொள் என்று சொல்வது அவனை அடக்கிவைக்கும் தந்திரம் என்பது. விதி என்ற சொல் இந்த நாட்டில் எத்தனை அநியாயங்களை மூடியிருக்கிறது என்று நமக்குத் தெரியும். இந்தியா சுதந்திரம் பெற்றபோது சராசரி ஆயுள் 32 வயதை ஒட்டி இருந்தது. இன்று 70-ஐ ஒட்டி இருக்கிறது. தடுப்பூசியும் குடிதண்ணீரும் பிரசவ ஆஸ்பத்திரியும் கொண்டுவந்த மாற்றம் அது. எழுதிவைத்தது நடக்கும் என்று உட்கார்ந்திருந்தவர்களால் அது வரவில்லை. ஆகவே பிரித்துச் சொல்கிறேன். மனிதன் சாவான் என்பது இயற்கை; அதை ஏற்கவேண்டும். சாக்கடைக்குள் இறங்கி விஷவாயுவில் ஒருவர் சாவது இயற்கை இல்லை. அதை ஒருநாளும் ஏற்கக்கூடாது. குழந்தையின் சாவுக்கு நிலையாமையைச் சொல்லி ஆறுதல் தருவது எனக்குக் கொடுமையாகவே படுகிறது. உண்மையில், காலம் அளவானது என்று நம்புகிறவருக்குத்தான் அதை அநியாயமாகப் பறிப்பது எவ்வளவு பெரிய திருட்டு என்று உறைக்கும். ஏழை வீட்டுக்கும் இந்தத் தரம்பிரிப்பு அவசியம் தேவை. மீளவே மாட்டார் என்று தெரிந்த தொண்ணூறு வயதுக்காரரை, அவர் விருப்பம் என்னவென்று யாருக்கும் தெரியாததால், நகையை அடகு வைத்தும் நிலத்தை விற்றும் ஐ.சி.யூ.வில் வென்டிலேட்டரில் வைத்திருக்கும் குடும்பங்களை நினைத்துப் பாருங்கள். கண்ணாடிக்கு அந்தப்பக்கம் அவர் தனியாக. இந்தப்பக்கம் பிள்ளைகள் பில்லைக் கையில் வைத்துக்கொண்டு. அவர் ஒரு வார்த்தை முன்னால் சொல்லியிருந்தால், யாராவது ஒருவர் கேட்டிருந்தால், அந்தக் கடைசி வாரம் வீட்டுத் திண்ணையில் கழிந்திருக்கலாம்.

கேட்பதற்கு இப்போது வழிகளும் இருக்கின்றன. 2018 மார்ச் 9 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு, கண்ணியத்தோடு இறப்பதும் அரசியல் சட்டத்தின் 21-ஆம் பிரிவு தரும் உரிமையில் அடக்கம் என்று தீர்ப்பளித்தது. மீளமுடியாத நிலை வந்தால் எந்தச் சிகிச்சை வேண்டும், எது வேண்டாம் என்று ஒருவர் முன்கூட்டியே எழுதிவைக்கலாம். முதலில் இதற்கு மாஜிஸ்திரேட் கையெழுத்து வேண்டியிருந்தது. 2023 ஜனவரியில் நடைமுறையை எளிமையாக்கி, நோட்டரியோ அரசிதழ் பதிவு பெற்ற அதிகாரியோ சான்றளித்தால் போதும் என்றார்கள். தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில், வீட்டுக்கே வந்து செய்யும் வலிநிவாரணப் பராமரிப்பும் ஒரு பகுதி. சட்டமும் திட்டமும் வந்துவிட்டன. வராதது வீட்டுக்குள் நடக்கவேண்டிய பேச்சுதான்.

உங்கள் வீட்டில் எழுபதைத் தாண்டிய ஒருவர் இருந்தால், இந்த வாரம் ஒரு மாலையில் பக்கத்தில் உட்காருங்கள். நோயைப் பற்றிக் கேட்க வேண்டாம். இன்னும் யாரைப் பார்க்க ஆசை, எந்த ஊருக்கு ஒருமுறை போகவேண்டும், உடம்புக்கு முடியாமல் போனால் எங்கே இருக்கப் பிடிக்கும், யார் பக்கத்தில் இருக்கவேண்டும் என்று கேளுங்கள். 'ஏன் இப்போ இதெல்லாம்' என்று அவர் தட்டிவிட்டால், இன்னொரு நாள் கேளுங்கள். பதில் சொல்லத் தொடங்கிவிட்டால், குறுக்கே பேசாமல் கடைசிவரை கேளுங்கள். பிறகு அதே கேள்விகளுக்கு உங்கள் பதிலையும் அவரிடம் சொல்லுங்கள்.